மண்ணிலிருந்து முழுதாகத் திரும்பி வருமா? சிறு பண்ணையும் பிளாஸ்டிக் சாக்கும்

மஞ்சள் பாத்தியைக் கொத்தும்போதெல்லாம் களைக்கொத்தியில் வெள்ளை நார் சிக்கும். முதலில் ஏதோ வேர் என்றுதான் நினைப்போம். இழுத்தால் தட்டையாக, நாடா மாதிரி வரும். விரலில் சுற்றினால் பொடிந்து உதிரும். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் உரச்சாக்குகளில் மண் நிரப்பி, வரிசையாக நிறுத்தி, இஞ்சியும் சேனையும் வைத்திருந்தோம். காசு செலவில்லை, குப்பையும் ஒரு வேலைக்கு ஆகிறது என்று பெருமையாகவே செய்தோம். இரண்டாவது கோடையில் சாக்குகள் தொட்டாலே கிழிய ஆரம்பித்தன. மூன்றாவது வருடம் சாக்கு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. நார் மட்டும் இருந்தது. களை எடுக்க வரும் அக்கா ஒருநாள் ஒரு கைப்பிடி நாரைக் காட்டி, "இதையெல்லாம் மண்ணு திங்காது கண்ணு, நாமதான் பொறுக்கணும்" என்றார். இன்னும் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிளாஸ்டிக் குப்பையைப் பண்ணையில் மறுபடி பயன்படுத்துவது பற்றி யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டிலில் செடி, சாக்கில் கிழங்கு, டப்பாவில் கீரை என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பொருளை வைத்து என்ன செய்யலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு அது முழுதாக நம் கைக்குத் திரும்பி வருமா என்று கேட்பவர்கள் குறைவு. பண்ணைக்கு இந்தக் கேள்விதான் முக்கியம் என்பதை அந்த மஞ்சள் பாத்தி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டு மாடியில் ஒரு டப்பா உடைந்தால் பெருக்கி எடுத்துவிடலாம். வயலில் உடைந்தால் ஏர் அதை உள்ளே கொண்டுபோய்விடும்.

முன்பெல்லாம் இந்தக் கேள்வி எழவே தேவை இருந்ததில்லை. மூட்டை என்றால் சணல் சாக்கு. கிழிந்தால் கோணி ஊசியால் தைப்பார்கள், மறுபடி கிழிந்தால் மாட்டுக்கு விரிப்பு, அதுவும் நைந்துபோனால் எருக்குழி. ஒரு மழைக்காலம் போனால் எங்கே கிடந்தது என்றே தெரியாது. உணவு தானியத்துக்கும் சர்க்கரைக்கும் சணல் சாக்கைக் கட்டாயமாக்க 1987-இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. ஆனால் உரம், மாட்டுத்தீவனம், புண்ணாக்கு, சிமெண்ட் எல்லாம் பிளாஸ்டிக் நாடாவில் நெய்த சாக்குக்கு மாறிவிட்டன. இலேசானது, நனைந்தால் மக்காது, விலை குறைவு. பழக்கம் மட்டும் மாறவில்லை. சணல் சாக்கை எப்படி நடத்தினோமோ அப்படியே பிளாஸ்டிக் சாக்கையும் நடத்துகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

உலகக் கணக்கைப் பார்த்தாலும் விஷயம் இதே பக்கம்தான் போகிறது. 1950 முதல் 2015 வரை உலகில் சுமார் 830 கோடி டன் பிளாஸ்டிக் உற்பத்தியானதாக 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் குப்பையாகிப் போனதில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கிறது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ வெளியிலோ கிடக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பயிர் வளர்ப்பிலும் கால்நடை வளர்ப்பிலும் மட்டும் ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக் பயன்படுகிறது. உணவைப் பொட்டலம் கட்டப் பயன்படுவது இன்னொரு 3.73 கோடி டன். நம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் இந்தக் கடலில் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் அந்த மண்ணில் நாம்தானே கை வைக்கிறோம்.

வெயில் என்ன செய்கிறது

பிளாஸ்டிக் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். அந்த நீளம்தான் அதற்கு வலு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் புகுந்து, மேலும் அறுபட வழி செய்கிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாக, வளைந்து கொடுத்த பொருள் மொறுமொறுப்பாகிவிடும். பார்க்கச் சாக்கு மாதிரியே தொங்கிக்கொண்டிருக்கும். கை வைத்தால் உதிரும். பாலிப்ரொப்பிலீன் இதில் பாலிஎத்திலீனைவிட இன்னும் பலவீனம். சாக்கு நாடாக்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால் ஆனவை. உரச்சாக்கு செய்பவர் அதை லாரியிலும் குடோனிலும் தாங்குகிற அளவுக்குத்தான் செய்கிறார். நம் வரப்பில் மூன்று சித்திரையைத் தாங்குவதற்காக அல்ல.

சொட்டுநீர்க் குழாய் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதில் கலந்திருக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு குழாயைக் காப்பாற்றுகிறது. மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். வெள்ளைச் சாக்குக்கும் நிறமில்லாத தண்ணீர் பாட்டிலுக்கும் அந்தக் கவசம் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மண்ணுக்குள் வெளிச்சம் இல்லை. அங்கே போன பிளாஸ்டிக் மிக மெதுவாகத்தான் மாறும். ஆக, வெயில் உடைக்கும். மண் பாதுகாத்து வைக்கும். வெயிலில் உடைந்து, துண்டுதுண்டாகி, பிறகு மண்ணுக்குள் போவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. நாங்கள் சரியாக அதைத்தான் செய்திருந்தோம்.

துண்டு சின்னதாகிவிட்டால் அப்புறம் அது கையில் சிக்காது. பெரிய தாள் என்றால் மழைநீர் இறங்குவதையும் வேர் போவதையும் தடுக்கும். பொடி என்றால் மண்புழு அதைத் தின்றும் தள்ளியும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். மண்புழு உழவனின் நண்பன் என்று சொல்லிக்கொண்டு, அதன் வாயில் இதைக் கொடுக்கிறோம் என்பதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

சாக்கு

பண்ணைக்கு வருவதிலேயே உருப்படியான பொருள் சாக்குதான். எங்கள் தோட்டத்தில் யூரியா போடுவதில்லை. ஆனாலும் தீவனச் சாக்கு, புண்ணாக்குச் சாக்கு, பக்கத்துத் தோட்டத்து உரச்சாக்கு என்று எப்படியும் சேர்ந்துவிடும். (யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. எடைதான் குறைந்தது, சாக்கின் எண்ணிக்கை கூடியிருக்கும்.)

முதல் விஷயம், சாக்கைத் திறக்கும் விதம். வாயைத் தைத்திருப்பது சங்கிலித் தையல். சரியான முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். அந்த நூல் தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்ட ஆகும், கீரைக்கட்டு கட்ட ஆகும். அவசரத்தில் கத்தியை வைத்துக் கிழித்தால் நூலும் போச்சு, சாக்கின் வாயும் பிரிய ஆரம்பிக்கும். நெய்த சாக்கு ஒரு முறை வெட்டுப்பட்டால், அந்த விளிம்பிலிருந்து நாடா ஒவ்வொன்றாகக் கழன்று வந்துகொண்டே இருக்கும். எங்கள் பாத்தியில் கிடக்கும் நாரில் பாதி அப்படி வந்ததுதான். வெட்டியே ஆகவேண்டும் என்றால் விளிம்பை இரண்டாக மடித்துத் தைத்துவிட வேண்டும்.

முழுச் சாக்காகவே, நிழலில், கண்ணெதிரில் இருக்கிற வேலைகள்தான் அதற்கு ஏற்றவை. சருகு அள்ளிவர, சாணம் சுமக்க, காய்ந்த எருவைக் கட்டிவைக்க, தேங்காய் மட்டை கொண்டுபோக, தீவனச் சாக்கை விட வசதியான பொருள் இல்லை. நாலைந்து சாக்கைப் பிரித்து, விளிம்பு மடித்துத் தைத்தால் களத்தில் விரிக்க நல்ல படுதா. நிலக்கடலை காயப்போடலாம், புளி உடைக்கலாம். சாயங்காலம் சுருட்டிக் கொட்டகைக்குள் வைத்துவிட்டால் நாலைந்து வருடம் வரும். அதையே களத்தில் விட்டுவிட்டால் ஒரே கோடைதான். சாப்பிடும் பொருளுக்கு விரிப்பதென்றால் தீவனச் சாக்கோ அரிசிச் சாக்கோ எடுக்க வேண்டும். உரச்சாக்கு அதற்கு வேண்டாம். விதைச் சாக்கிலும் ஒரு கவனம் தேவை. உள்ளே சிவப்பு அல்லது ரோஸ் நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது மருந்து கலந்த விதை இருந்த பை. மனிதர், மாடு, கோழி யாருடைய சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் அது வரக்கூடாது.

மண்ணுக்கடியில் பிளாஸ்டிக் சாக்கு போடுவதை நான் ஒத்துக்கொள்கிற ஒரே இடம், தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடியான அசோலாவின் தொட்டி. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தார் பரப்பிய முறை அது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, முதலில் பழைய பிளாஸ்டிக் சாக்குகளை விரிக்க வேண்டும். பக்கத்து மர வேர்கள் மேலே வந்து துளைக்காமல் இருக்கத்தான் இந்தச் சாக்கு. அதன்மேல் சில்பாலின் படுதா, அதன்மேல் சலித்த மண் 10 முதல் 15 கிலோ, கரைத்த சாணம், தண்ணீர், அப்புறம் ஒரு கிலோவுக்குள் அசோலா விதை. பத்துப் பதினைந்து நாளில் தினமும் அரைக்கிலோவுக்கு மேல் அள்ளி மாட்டுக்கும் கோழிக்கும் போடலாம். இங்கே சாக்குக்கு வெயில் படாது. மேலே படுதா, அதற்கு மேல் தண்ணீர். தொட்டியைப் பிரிக்கும்போது சாக்கு சாக்காகவே வெளியே வரும். நாங்கள் நாலு வருடம் கழித்துப் பிரித்தபோது, போட்டது ஆறு, எடுத்தது ஆறு.

இதற்கு நேர்மாறானது மணல் மூட்டை. உடைந்த வரப்பை அடைக்க, வாய்க்கால் கரையை நிறுத்த, சாக்கில் மண் கட்டி அடுக்குவது நம் ஊர் வழக்கம். வெள்ள நேரத்தில் வேறு வழியில்லை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு யாரும் அதை எடுப்பதில்லை. அடுத்த வருடம் சாக்கு கிழிந்து மண் கொட்டிவிடும், நார் வாய்க்காலில் போகும். அவசரம் முடிந்ததும் மூட்டையைப் பிரித்து, மண்ணைக் கரையிலேயே கொட்டி, வெட்டிவேரோ அருகம்புல்லோ நட்டுவிட்டால் கரையும் நிற்கும், சாக்கும் வீட்டுக்கு வரும்.

பால் கவரும் பாட்டிலும்

பால் கவரை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் போடுவார்கள். நல்ல பழக்கம். நெகிழ்வான பாலிஎத்திலீன் என்பதால் மறுசுழற்சிக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அப்படி வெளியேற நல்ல வழி உள்ள பொருளைப் பண்ணைக்குள் இழுக்க வேண்டுமா என்று ஒரு முறை யோசிக்க வேண்டும். நாற்றுக்கு மட்டும் நாங்கள் எடுக்கிறோம். அரைலிட்டர்க் கவரில் அடியில் மூன்று நாலு துளை, பாதி செம்மண், கால் பங்கு மணல், கால் பங்கு எரு. முருங்கை ஒரு மாதத்துக்குச் சற்று மேல், பப்பாளி இரண்டு மாதம்வரை அதில் நன்றாக இருக்கும். அதற்குமேல் விட்டால் வேர் சுவரில் முட்டி வட்டமாகச் சுற்றிக்கொள்ளும்.

நடும்போது கவரைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். சொல்வதற்கே வேண்டாத விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் கூலிக்கு நடும் வேகத்தில், மண் உதிராமல் இருக்க அடியை மட்டும் கீறிவிட்டு கவரோடு குழியில் வைப்பது எத்தனையோ தோப்பில் நடக்கிறது. பத்து வருடம் கழித்து மரத்தைத் தோண்டினால் கழுத்தைச் சுற்றிக் கவர் அப்படியே இருக்கும். நாங்கள் நடவுக்கு முன் கன்றுகளை எண்ணிக்கொள்வோம். நடவு முடிந்ததும் கவர்களை எண்ணுவோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் தேடுவோம்.

கவரில் எனக்கு அதிகக் கவலை தருவது அதன் மூலைதான். பாலை ஊற்ற நுனியைக் கத்தரித்து எறிகிறோமே, அந்தச் சின்ன முக்கோணத்தை எந்தக் கடையும் வாங்காது, யார் கண்ணிலும் படாது. காய்கறிக் கழிவோடு நேராக எருக்குழிக்குப் போய்ச்சேரும். மூலையை முழுதாக வெட்டாமல், பாதி கீறி ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டால் போதும்.

தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இவற்றுக்குப் பண்ணையில் உண்மையிலேயே ஒரு நல்ல வேலை இருக்கிறது: பழ ஈப் பொறி. மாமரத்தில் பழ ஈ என்றால், ஆண் ஈக்கள் மீதைல் யூஜினால் என்ற கவர்ச்சி மருந்தின் வாசனைக்கு ஓடிவரும். பாட்டிலின் மேல் பகுதியில் விரல் நுழையாத அளவுக்கு மூன்று நாலு துளை போட்டு, உள்ளே அந்த மருந்தில் நனைத்த பஞ்சைத் தொங்கவிட்டால் சரி. பாகல், புடல், பீர்க்கங்காய்க்கு வரும் ஈ இந்த வாசனையை மதிக்காது. அதற்கு வேறு கவர்ச்சிப் பொருள். கடையில் கிடைக்காவிட்டால் கருவாடு. கருவாட்டுத் தூளைத் தண்ணீரில் நனைத்துப் பாட்டிலில் வைத்தால் ஈ வரும். முட்டையிடுவதற்குப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும், அதைத் தேடித்தான் வருகிறது. காயைத் துளைத்து முட்டை வைப்பது பெண் ஈ என்பதால் இந்தப் பொறிக்குத் தனி மதிப்பு உண்டு. நாற்றம் போனதும் கருவாட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொறி தொங்குவது இலை நிழலில். அதனால் பாட்டில் சீக்கிரம் உடையாது. தரையில் இல்லை, கண்ணில் படும் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிவிட்டால், பருவம் முடிந்து இறக்கும்போது எது காணோம் என்று தெரிந்துவிடும். பழைய எண்ணெய் டின்னுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவி வெள்ளை ஈக்கு வைக்கிறோமே, அதுவும் இதே மாதிரிதான். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செடியடியில் சொருகிச் சொட்டுநீர் விடுவதில் மட்டும் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. பத்துக் கன்றுக்குச் சரி. நூறு கன்றுக்கு வைத்தால் தினமும் ஊற்ற ஆள் வேண்டும். வெயிலில் பாட்டில் நொறுங்கி, மாடு மிதித்து, ஒரு வருடத்தில் தோட்டம் முழுக்கச் சில்லு.

தொடக்கூடாதவை

மண்ணுக்கு விடும் ஜீவாமிர்தக் கரைசல் தயாரிக்க 200 லிட்டர் பேரல் எல்லோருக்கும் வேண்டும். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், மீதி தண்ணீர். பழைய நீலப் பேரல் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லத் தெரியாமல் முழித்தால், லேபிள் சுரண்டப்பட்டிருந்தால், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறினால், வேண்டாம். ஊறுகாய், சர்க்கரைப்பாகு மாதிரி உணவுப் பொருள் வந்த பேரல் கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான் சரி. நுண்ணுயிரை வளர்க்கப் போகிற பாத்திரத்தில் ரசாயன எச்சம் இருந்தால் செய்கிற வேலைக்கே அர்த்தமில்லை.

பூச்சிமருந்துப் பாட்டிலில் மட்டும் பேச்சே இல்லை. எந்த வேலைக்கும் கூடாது. கழுவிவிட்டால் போகும் என்று நினைக்கிறார்கள். மருந்தோடு கலந்திருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் பிறகு மெல்ல மெல்லக் கசிந்து வரும். அந்தக் கேனில் மண்ணெண்ணெய் வைப்பது, மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஏன், குடிதண்ணீர் கொண்டுபோவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். லேபிளில் முக்கோணமாக இருக்கும் நிறத்தைக் கவனியுங்கள்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் விஷமில்லை என்று அர்த்தமில்லை. மருந்தடிப்பவர் காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அடிக்கும் டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலில் துளை போட்டுவிட வேண்டும். இன்னொருவர் கையில் அது பாத்திரமாக மாறாமல் இருக்கத்தான் துளை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும் காலிக் கலன்களை வெளியில் போடக்கூடாது, உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்கின்றன. பிளாஸ்டிக்கைப் புதைப்பது எனக்குப் பிடித்த விஷயம் இல்லை. ஆனால் விஷப் பாட்டில் ஒரு குழந்தை கையில் கிடைப்பதைவிட அது மேல்.

இன்னொன்று ஃப்ளெக்ஸ். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் முடிந்தால் ஃப்ளெக்ஸ் பேனர் இலவசமாகக் கிடைக்கும். கொட்டகைக்குக் கூரையாக, வைக்கோல் போருக்கு மூடியாக எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது பாலியஸ்டர் வலைமேல் பி.வி.சி. பூசிய துணி. வெயிலில் பூச்சு செதில்செதிலாக உரிந்து தீவனத்தில் விழும். இயற்கை விளைபொருளுக்கான அங்ககச் சான்று பற்றிய நம் நாட்டின் தேசிய விதிமுறை இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: மண்ணை மூட விரிக்கும் மூடாக்குத் தாள் (மல்ச்சிங் ஷீட்), பூச்சிவலை போன்றவற்றுக்குப் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் வகைகளை அனுமதிக்கிறது, குளோரின் சேர்ந்த பி.வி.சி. வகைக்கு இடமில்லை. அனுமதித்ததையும் வேலை முடிந்ததும் மண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும், நிலத்தில் வைத்துக் கொளுத்தக்கூடாது. மெல்லிய மல்ச்சிங் ஷீட் போட்டவர்களைக் கேட்டால் தெரியும், எடுப்பது எவ்வளவு பாடு என்று. ஓரங்களை மண்ணில் புதைத்திருப்போம்; ஒரு பயிர் முடிந்ததும் இழுத்தால் நடுப்பகுதி கையோடு வரும், புதைத்த ஓரம் உள்ளேயே நிற்கும். சருகு மூடாக்கு போட முடிகிற சிறு தோட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து.

கொளுத்துவது பற்றி ஒன்று. அடுப்பு பற்றவைக்கக்கூட ஒரு கவரைச் சுருட்டி வைக்கும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. திறந்தவெளித் தீயில் பிளாஸ்டிக் முழுதாக எரிவதில்லை. கரும்புகை அதற்குச் சாட்சி. பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். அந்தச் சாம்பலை அள்ளி எருக்குழியில் கொட்டினால் நஞ்சு சோற்றுக்கே திரும்பி வருகிறது.

மாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். அது நகரத்து மாடு, குப்பைத்தொட்டியில் மேய்ந்தது. நம் மாடு நம் தொழுவத்தில்தான் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. காய்கறித் தோலைக் கவரோடு கட்டித் தொட்டியில் போடுவது, உப்பு ஒட்டிய உரச்சாக்கை மாடு நக்கும் தூரத்தில் விடுவது, தீவனச் சாக்கின் கிழிந்த நாடா வைக்கோலோடு கலந்துவிடுவது, இவையெல்லாம் நம் வீட்டிலேயே நடக்கும். மாடு உதட்டால் ஆடு மாதிரிப் பொறுக்கித் தின்னாது. நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும்.

வெளியே போகும் வழி

எந்தச் சாக்கும் பாட்டிலும் ஒருநாள் பண்ணையை விட்டுப் போயாக வேண்டும். கடைசி வேலை முடிந்த பிறகு அது காயலான் கடைக்குப் போகிற நிலையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மொறுமொறுப்பாகிவிட்ட சாக்கை யாரும் வாங்கமாட்டார்கள். உறுதியாக இருக்கும்போதே, மண் தட்டி, காயவைத்துக் கொடுத்தால் வாங்குவார்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம்: 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 2 கெட்டியான கேன், பேரல், 4 பால் கவர் வகை, 5 சாக்கு, டப்பா. 3 என்றால் பி.வி.சி., 6 தெர்மாகோல். எண் இல்லாமல் பளபளவென்று உள்ளே வெள்ளி பூசியிருக்கும் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே எல்லாம் பல அடுக்குப் பொருள். ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாததால் கடைக்காரர் தொடமாட்டார்.

இந்தக் கடைசி வகைக்குப் பண்ணையில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். தனியாக ஒரு சாக்கில் காய்ந்தபடி சேர்த்து, ஊராட்சித் தூய்மைக் காவலர் வரும்போது கொடுத்துவிடுவோம். பிளாஸ்டிக்கைத் தார்ச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டறிந்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். சூடாக்கிய ஜல்லியின்மேல் நறுக்கிய பிளாஸ்டிக் உருகிப் படலமாகப் பூசிக்கொள்ளும், அதன்மேல் தார். விற்க முடியாத மெல்லிய குப்பைக்குக்கூட இப்படி ஒரு வழி இருக்கிறது, பி.வி.சி. மட்டும் அதில் சேரக்கூடாது. ஆனால் அந்த வழி வரை குப்பை போய்ச்சேர, அது முதலில் காய்ந்ததாக, தனியாக இருக்க வேண்டும். பொட்டலம் கட்டி விற்ற நிறுவனமே அதைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும் 2022 வழிகாட்டுதலும் சொல்கின்றன. எங்கள் ஊரில் தீவனச் சாக்கைத் திரும்ப வாங்க ஆள் வந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. வர வேண்டும். அந்தப் பொறுப்பை விவசாயி தலையில் மட்டும் கட்டிவிட்டு, "மறுபயன்பாடு" என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

வெளியிலிருந்து தெரியாமல் வருவது ஒன்று இருக்கிறது. ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று நகரக் குப்பையில் செய்த உரம் ஒரு டிராக்டர் லோடு இறக்கினோம். பார்க்கக் கறுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழை பெய்ததும் மேல்மண்ணில் நிறநிறமாகச் சில்லுகள் மினுங்கின. கவர் துண்டு, மாத்திரை அட்டைத் துண்டு, பாட்டில் மூடி. சலித்தும் பார்த்தோம்; சல்லடைக் கண்ணைவிடச் சிறியதை என்ன செய்வது? அதற்கப்புறம் வெளி உரம் வாங்கினால், ஒரு வாளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, என்ன மிதக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்கிறோம்.

இப்போது எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு மார்க்கர் பேனா கயிற்றில் தொங்குகிறது. எந்தச் சாக்கு, படுதா, பாட்டில் தோட்டத்துக்குள் போனாலும் அதில் மாதமும் வருடமும் எழுதிவிட்டுத்தான் போகும். பங்குனி பிறந்ததும், சித்திரை வெயில் உச்சத்துக்குப் போகும் முன், வெளியில் இருப்பதையெல்லாம் ஒரு சுற்று இறக்கிப் பார்க்கிறோம். நுனியை இரண்டு விரலால் மடக்கினால் வெள்ளைக் கோடு விழுகிறதா, நாடா சுலபமாக அறுகிறதா என்று பார்ப்போம். அப்படி ஆனதை மறுபடி தோட்டத்துக்குள் அனுப்புவதில்லை. மஞ்சள் பாத்தியின் வரப்பில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறோம், நார் பொறுக்கிப் போட. போன தை அறுவடையிலும் பாதி டப்பா நிறைந்தது.